ஓட்டுக் கூரையில் பாசி: ஆசிட் ஊற்றலாமா?

கேள்வி, 12 ஜூலை 2023

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. நாற்பது வருடப் பழைய மங்களூர் ஓடு. மழை தொடங்கியதும் கூரை முழுக்கப் பச்சை. பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, ஆசிட் ஊற்றித் தேய்த்தால் புது ஓடு மாதிரி ஆகிவிடும் என்கிறார். ஊற்றலாமா? வீட்டில் கிணறு உண்டு. கூரைத் தண்ணீர் அதில்தான் போகிறது.

12 ஜூலை 2023, இரவு

ஊற்றாதீர்கள். ஆசிட் பாசியைக் கருக்கும், உண்மைதான். ஆனால் முகட்டு ஓட்டைப் பிடித்து வைத்திருக்கும் சுண்ணாம்பு, சிமென்ட் பூச்சையும் சேர்த்துத் தின்னும். கூரை ஓரத்தில் தண்ணீர் பிடிக்கிற தகரப் பாத்தியையும் விடாது. மிச்சம் உங்கள் கிணற்றுக்கு.

என் வீடு குலசேகரம் பக்கம். சுற்றிலும் ரப்பர். தாத்தா கட்டிய வீடு, அவர் காலத்து ஓடு. நானும் போன வருடம் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கார் கழுவுகிற பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்து தெற்குச் சரிவில் அடித்தேன். அடிக்கும்போது என்ன ஆனந்தம்! பச்சைக்கு அடியில் இருந்து செங்கல் நிறம் கோடு கோடாக வெளியே வந்தது. சாயங்காலம் படுக்கையறைக்குள் போனால் மெத்தை நனைந்திருந்தது. மழைத்தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும், ஓடுகளை அதற்காகத்தான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறோம். நானோ கீழே நின்று மேல் நோக்கி அடித்திருக்கிறேன். தண்ணீர் அடுக்கு இடுக்கில் ஏறி நேராக வீட்டுக்குள் இறங்கிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. ஓட்டுக்குச் சூளையில் வெந்த மேல்தோல் ஒன்று உண்டு, வழவழப்பாக இருக்கும். வாஷர் அதை உரித்துவிட்டது. கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. இந்த வருடம் பாசி முதலில் வந்தது அந்த இடத்தில்தான்.

13 ஜூலை 2023

நேற்று கோபத்தில் எழுதினேன். என்ன செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை. இப்போதைக்கு ஒன்றும் செய்யாதீர்கள். ஜூலை மாதம் பாசிக் கூரையில் ஏறுவதற்கு, எண்ணெய் தடவிய தட்டில் நடக்கலாம். மாசி, பங்குனி வரட்டும்.

இன்னொன்று. பாசி ஓட்டுக்குள் வேர் விட்டு ஓட்டைப் பிளக்கும். அதனால் விட்டுவைக்கவும் கூடாது.

19 ஜூலை 2023

மேலே "வேர்" என்று எழுதியதற்கு ஒரு தாவரவியல் ஆசிரியர் காதைத் திருகிவிட்டார். பாசிக்கு வேரே கிடையாதாம். நூல் மாதிரி சில இழைகள் இருக்கும், பிடித்துக்கொள்வதற்கு மட்டும். தண்ணீரை உடம்பு முழுவதாலும் உறிஞ்சும். பாடப்புத்தகத்தில் பாசி என்றால் நீரில் வளரும் ஆல்கா, கூரையில் இருப்பது மாஸ் என்றும் திருத்தினார். சரி சார். ஆனால் எங்கள் வீட்டில் வழுக்குகிற பச்சை எல்லாமே பாசிதான். இங்கே அப்படியே எழுதப்போகிறேன்.

வேர் இல்லை என்றால் ஓடு ஏன் கெடுகிறது? நானே பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டுத்தொழுவத்தின் ஓரத்தில் இருந்து இரண்டு ஓடுகளைக் கழற்றினேன். பாசி மெத்தை ஏறியது ஒன்று, ஏறாதது ஒன்று. மழை நின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ரப்பர் ஷீட் நிறுக்கிற தராசில் வைத்தேன். ஏறாதது 2 கிலோ 600 கிராம். ஏறியது 3 கிலோ 400. ஒரு ஓட்டுக்கு 800 கிராம் என்றால், ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுக்கு எவ்வளவு? அத்தனையையும் சுமப்பது கழுக்கோலும், அதன் குறுக்கே ஓடு உட்காருவதற்கு அடித்திருக்கும் பட்டியலும். பட்டியல் மரம் என் வயதைவிட மூத்தது.

பாரம் ஒரு பக்கம். ஓட்டின் நடுவே தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் இருக்கிறது அல்லவா, அதைப் பாசி அடைக்கும். தண்ணீர் பக்கவாட்டில் திரும்பி, இரண்டு ஓடுகள் கோத்திருக்கும் இடத்தில் புகும். பட்டியல் உளுக்கும். வேரை நான் வீணாகத் திட்டியிருக்கிறேன்.

20 ஜூலை 2023

கணக்குப் போட்டு அனுப்பிய நண்பருக்கு: ஆமாம், எல்லா ஓட்டிலும் பாசி ஏறாது. முழுக் கூரைக்கும் பெருக்கிப் பயமுறுத்தியது என் தப்பு. கால்வாசிக் கூரை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு குவிண்டால்.

2 ஆகஸ்ட் 2023

சென்னையில் இருந்து ஒருவர் மொட்டை மாடிப் படம் அனுப்பியிருக்கிறார். கறுப்பாகத் தார் பூசியது போல இருக்கிறது, அதுவும் பாசியா என்கிறார். அது வேறு ஆள். பஞ்சு மெத்தை மாதிரி எழும்பாமல் தரையோடு தரையாக ஒட்டியிருந்தால், பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. வெயிலில் கறுத்துக் கிடக்கும், நனைந்தால் வழுக்கும். மழை நின்ற மறுநாள் மாடியில் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கறுப்பு அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். தண்ணீர் வடிகிற வாட்டம் சரியில்லை என்று அர்த்தம். கொத்தனாரைக் கூப்பிட்டு வாட்டத்தைச் சரிசெய்யாமல் எதை ஊற்றினாலும் அடுத்த ஐப்பசியில் திரும்ப வரும்.

ப்ளீச்சிங் பவுடர் போடலாம். நான் முற்றத்துக்குப் பத்து லிட்டர் வாளிக்கு 200 கிராம் கணக்கில் கரைத்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுவேன். இருபது நிமிடம் விட்டுத் தென்னை வாரியலால் தேய்த்து அலசினால் போதும். மாடியில் செய்வதானால் மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதலில் கழற்றிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கட்டாயத்துக்காக வைத்தோமோ ஆசையாக வைத்தோமோ, மாடியில் கொட்டுவது கடைசியில் நம் வாளிக்குத்தான் வரும்.

ப்ளீச்சிங் தண்ணீரும் ஆசிட்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. கக்கூஸ் கழுவும்போது இரண்டையும் கலந்து மூச்சுத் திணறியவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

28 ஆகஸ்ட் 2023

"பாசி வடக்குச் சரிவில்தான் வரும், அங்கே மட்டும் கவனித்தால் போதும்" என்று யாரோ இங்கே ஒட்டியிருந்தார்கள். நானும் லைக் போட்டேன். பிறகு வெளியே போய் என் கூரையைப் பார்த்தேன். வடக்குச் சரிவில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கிறது. தெற்கில் புல்தரை.

லண்டனிலும் சியாட்டிலிலும் உச்சி வேளைச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கு வானத்திலேயே கிடக்கும். வடக்குச் சரிவு காயாது. அங்கே அந்த விதி சரி. குமரி மாவட்டம் 8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நம் உச்சி வெயில் வடக்கே இருந்துதான் விழுகிறது. தென்மேற்கு மழை அடிக்கும் மாதங்களும் அவைதான். மழைக்கு இடையில் வெயில் தலைகாட்டினால் வடக்குச் சரிவுக்குத்தான் யோகம். ஐப்பசி, கார்த்திகையில் இது தலைகீழ். ஆகமொத்தம் நம் ஊரில் திசையை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது.

29 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியது பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். காலையில் அம்மாவிடம் விளக்கினேன். "அந்தப் பக்கம் பிலாவு நிக்குல்லா மக்ளே" என்றார்.

ஆமாம். தெற்குப் பக்கம் வருக்கைப் பலா நிற்கிறது. ஒரு கொப்பு அப்படியே கூரைக்கு மேல் குடை பிடித்திருக்கிறது. மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் அதில் இருந்து சொட்டிக்கொண்டிருக்கும். சூரியனை எல்லாம் எதற்கு இழுத்தேனோ.

17 அக்டோபர் 2023

கோத்தகிரி நண்பர் ஒரு நல்ல விஷயம் சொன்னார். அவர் வீட்டு முகட்டில் ஓட்டுக்குப் பதில் துத்தநாகம் பூசிய தகரம் மடித்துப் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே சில வரிசை ஓடுகளில் மட்டும் பாசியே இல்லையாம். பனியும் சாரலும் விடாத ஊரில் இது பெரிய விஷயம். மழையில் தகரத்தின் துத்தநாகம் துளித்துளியாகக் கரைந்து ஓட்டின் மேல் வழிகிறது. பாசிக்கு அது ஆகாது. செம்பு இன்னும் மோசம், அதாவது நமக்கு இன்னும் நல்லது. சர்ச் கோபுரத்தில் இடிதாங்கியின் செம்புப் பட்டை இறங்கும் சுவரைப் பாருங்கள், அடியில் சுவர் வெளுத்திருக்கும்.

ரப்பர்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மழைக்கு முன்னால் இலை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும்தானே. மயில்துத்தம் செம்பு உப்பு. அதையே கூரையில் அடித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அடித்தால் பாசி சாகும். அந்தத் தண்ணீர் கிணற்றில் இறங்கினால், பாசி தின்ன நான் விட்டிருக்கும் மீன்களும் சாகும்.

வீட்டில் எரிந்துபோன மோட்டாரில் இருந்து பிரித்த செம்புக் கம்பி ஒரு சுருள் கிடக்கிறது. முகட்டு ஓட்டுக்குக் கீழே தெற்குப் பக்கமாக நீளத்துக்குக் கட்டிவிட்டேன். செலவு பூஜ்யம். பார்க்கலாம்.

24 டிசம்பர் 2023

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் காலையிலேயே வந்து நின்றார்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தரை வேண்டுமாம். "மாமா, உங்க கூரையில நல்ல புல் இருக்கே." மாட்டுத்தொழுவத்துக் கூரை தாழ்வு. ஏணி வைக்காமலே நின்றபடி உரித்தேன். தட்டில் இருந்து இட்லி பெயர்வது போல முழுசாக வந்தது. புரட்டிப் பார்த்தால் அடியில் இரண்டு விரற்கடை கறுப்பு மண், மக்கிய ரப்பர் இலை, ஒரு பூரான். பூரானைத் தவிர மற்றதைக் கொடுத்தனுப்பினேன்.

6 ஜனவரி 2024

குடிலைப் பிரிக்கும்போது பாசி காய்ந்து தேயிலைத்தூள் மாதிரி ஆகிவிட்டதாம். பெரியவள் அதைக் கொண்டுவந்து "செத்துப்போச்சு" என்று காட்டினாள். வாசலில் வைத்துத் தண்ணீர் தெளித்தோம். அவள் பலகாரம் தின்று முடிப்பதற்குள் பச்சை திரும்பிவிட்டது. பிள்ளை கைதட்டியது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. கோடையில் காய்ந்து கிடப்பதைப் பார்த்து "செத்துவிட்டது, விட்டுவிடலாம்" என்று எத்தனை வருடம் ஏமாந்திருக்கிறேன்!

11 பிப்ரவரி 2024

இன்று ஏறினேன். விவரமாக எழுதுகிறேன், கேட்டவர்கள் நிறைய.

ஒரு வாரமாக மழை இல்லை. பாசி காய்ந்து பழுப்பாக நின்றது. காலை ஒன்பது மணிக்குப் பனி ஈரம் போன பிறகு ஏணி. கூரையின் மேல் இன்னொரு ஏணியைப் படுக்கவைத்து, முகட்டுக்கு மறுபக்கம் கயிறு போட்டுத் தென்னையில் கட்டினேன். கால் வைப்பது ஏணிச் சட்டத்தில் மட்டும். அது முடியாத இடத்தில், இரண்டு ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடத்தில் மிதிக்க வேண்டும். அங்கேதான் அடியில் பட்டியல் இருக்கும். ஓட்டின் நடு வயிற்றில் மிதித்தால் அப்பளம்.

சுரண்டுவதற்கு இரும்பு வேண்டாம். கம்பி பிரஷ் வாங்கி வைத்திருந்தேன், ஓர் ஓட்டில் இழுத்ததும் சிவப்புப் பொடி உதிர்ந்தது, கீழே போட்டுவிட்டேன். தென்னை மட்டையின் அடிப்பாகத்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கரண்டி போலச் சீவிக்கொண்டேன். ஓட்டின் வளைவுக்கு அது வளைந்துகொடுக்கிறது. மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் தள்ள வேண்டும். பெரிய கட்டி அதில் போகும், மிச்சத்துக்கு வாரியல். கடைசியாக அடுக்கு இடுக்கில் இருக்கும் இலை மக்கை ஒரு குச்சியால் இழுத்துவிடுங்கள். இதை விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். ரப்பர் மரம் இலை கொட்டி முடிகிற மாதம் இது, கொட்டி முடிந்ததும் இன்னொரு முறை கூட்ட வேண்டும்.

சில ஓட்டில் சாம்பல் பச்சையாக வட்ட வட்டமாகக் காகிதம் போல ஒட்டியிருந்தது. அது பாசி இல்லை, லைக்கன். பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் இந்தக் குடும்பம்தான். வீட்டுக்காரியிடம் காட்டி "மசாலாவுக்கு ஆகுமா" என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையை எழுத முடியாது. அதைச் சுரண்டினால் ஓட்டின் தோலும் கூடவே வருகிறது. விட்டுவிட்டேன். பாரமும் இல்லை, தண்ணீரையும் மறிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

பதினொன்றரை மணிக்குக் கால் வழுக்கியது. பிரஷர் வாஷர் புண்ணாக்கிய இடத்தில் அடிப்பக்கம் இன்னும் ஈரம் இருந்திருக்கிறது. நான்கடி சறுக்கி ஏணியைப் பிடித்துவிட்டேன். ஆறு ஓடுகள் போயின, முழங்கை உரிந்தது. இனிமேல் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறுவதில்லை என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம். அம்பது வயதுக்கு மேலானவர்கள் ஆளைக் கூப்பிடுங்கள். கூலி கொடுப்பது ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவர்கள் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். காய்ந்த ஷீட்டைத் தேய்த்தால் தூசு கிளம்பும், நுரையீரலுக்கு ஆபத்து.

3 மார்ச் 2024

கொப்பை வெட்டியாகிவிட்டது. எழுத ஒரு வரி. வீட்டில் நடந்தது மூன்று வாரம். "ஓடு காசு குடுத்தா கிடைக்கும், இந்த வருக்கை கிடைக்குமா" என்பது அம்மாவின் கட்சி. கடைசியில் காய்க்காத ஒரே கொப்பு அதுதான் என்று மரம் ஏறுகிறவர் சாட்சி சொன்ன பிறகு அனுமதி. பொய்சாட்சியோ என்னவோ, நான் கேட்கவில்லை.

30 ஆகஸ்ட் 2024

ஒரு மழைக்காலம் போய்விட்டது. தெற்குச் சரிவில் பாசி விரல்நுனி அளவுக்கு அங்கங்கே. இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரஷர் வாஷர் அடித்த பட்டை மட்டும் பச்சையாக, யாரோ அளந்து பெயிண்ட் அடித்தது போலத் தெரிகிறது. நான் எங்கே நின்று எதுவரை அடித்தேன் என்று இன்றைக்கும் தரையில் இருந்தே காட்டலாம்.

செம்புக் கம்பி? ஒரு பயனும் இல்லை. கம்பிக்கு ஒரு சாண் கீழேயே பாசி முளைத்திருக்கிறது. கோத்தகிரி நண்பரைக் கொஞ்சம் திட்டியும் விட்டேன்.

31 ஆகஸ்ட் 2024

திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். மோட்டார் கம்பிக்கு மேலே வார்னிஷ் பூச்சு இருக்கும் என்று ஒரு எலக்ட்ரீஷியன் எழுதியிருக்கிறார். பூச்சு இருந்தால் மழைக்குச் செம்பு எப்படிக் கரையும்? பத்து மாதமாக முகட்டில் வார்னிஷைக் கட்டி வைத்திருக்கிறேன். இன்று பழைய வயரின் தோலை உரித்து, வெறும் செம்பைக் கட்டினேன்.

14 ஜூலை 2025

இந்தமுறை வேலை செய்கிறது. கம்பிக்குக் கீழே முதல் இரண்டு வரிசை ஓடு சுத்தம், வாஷர் பட்டை உட்பட. மூன்றாவது வரிசையில் மங்கல். அதற்குக் கீழே கம்பி இருப்பதே பாசிக்குத் தெரியவில்லை.

ஆனால் தெற்குப் பக்கத்துத் தகரப் பாத்தியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, நடுவில் துருப்புள்ளி விட்டிருக்கிறது. வடக்குப் பாத்தி அதே கடையில் அதே நாளில் வாங்கியது, நன்றாக இருக்கிறது. செம்பு கரைந்த தண்ணீர் துத்தநாகப் பூச்சின் மேல் ஓடினால் அதை அரிக்கும். கட்டுவதற்கு முன்னால் யோசித்திருக்க வேண்டிய விஷயம். பாத்தி பிளாஸ்டிக் என்றால் அந்தக் கவலை இல்லை. என் கிணற்றுக் கவலை இருக்கவே இருக்கிறது.

கம்பியைக் கழற்றிவிட்டேன். இரண்டு வரிசை ஓட்டுக்காகப் பாத்தியைப் பலி கொடுக்க மனசில்லை.

15 ஜூலை 2025

2023-இல் கேள்வி கேட்ட நாகர்கோவில்காரர் இரண்டு வருடம் கழித்து வந்து, "கடைசியில் என்னதான் செய்யட்டும்" என்கிறார். கூரைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். தென்னையா, மாவா? அதன் படத்தை அனுப்புங்கள், கூரையின் படம் வேண்டாம்.

16 ஜூலை 2025

அனுப்பிவிட்டார். பக்கத்து வீட்டுப் புளியமரம். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை கிடையாதாம். இதற்கு நான் மருந்து சொல்ல முடியாது.

21 டிசம்பர் 2025

பிள்ளைகள் வந்தார்கள். இந்த வருடம் பெரிய குடிலாம். தெற்குச் சரிவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் காலி பண்ணிட்டீங்களே மாமா" என்று சின்னவன் முகத்தைத் தொங்கப்போட்டான். மாட்டுத்தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் கூரையை நான் இதுவரை சுத்தம் செய்யவில்லை, ரப்பர் நிழலில் முன்னைவிடத் தடிமனாக நிற்கிறது. மூன்று ஓட்டுப் பாசியை உரித்துக் கொடுத்தேன். நான்காவதையும் கேட்டான். அடுத்த வருடத்துக்கு வேண்டாமா என்று கேட்டேன்.